மீன் தொட்டியைக் காட்டியவர்

கடற்கரைச் சாலைக்குப் பின்தெருவில் ஹோட்டல் நடத்தும் முதலாளியே, நீர் செய்தது அநியாயம்.

சுனாமிக்கு அடுத்த வருடக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்திருந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு உம் ஹோட்டலில் உட்கார்ந்ததும் எங்கள் இரண்டு வயது மகள் அழ ஆரம்பித்தாள். என் மனைவி காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.

பரிமாற வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி, நரைத்த மீசை, காலர் நைந்த வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. எந்தச் சின்னப் பெண்ணையும் புதுச்சேரிப் பிரெஞ்சுப் பழக்கத்தில் "மதாம்" என்றுதான் கூப்பிட்டார்.

"மதாம், எங்கூட வரீங்களா? மீன் பாக்கலாம். அம்மா ஒருவாய் துன்னட்டும்" என்று மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மீன் தொட்டிப் பக்கம் போனார். அவள் அழுகையை நிறுத்தினாள். மனைவி முதல் கவளத்தை எடுத்தாள்.

நீர் கல்லாவிலிருந்து கத்தினீர்: "யோவ், உன்ன பரிமாற வச்சனா, புள்ள தூக்க வச்சனா? துண்ட வச்சிட்டு கெளம்பு!"

"குழந்தைய நாங்கதான் குடுத்தோம்" என்றேன்.

"நீங்க சாப்பிடுங்க சார்" என்றீர், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் மகளை என்னிடம் தந்தார். இன்னொரு தடவை பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார். நீங்க ஊருக்குப் போயிடுவீங்க, நான் இங்கதான இருக்கணும். ரசம் காரம், மதாமுக்கு மோர்சோறு குடுங்க."

மறுநாள் போனேன்; அவர் இல்லை. எங்கே போனார் என்று யாரும் சொல்லவில்லை. பசித்தவளைச் சாப்பிட வைத்தது எப்படிக் குற்றமாகும்? ஹோட்டல் நிறைந்திருக்கும் மதிய நேரத்தில் கல்லாவை விட்டு எழுந்து, சாப்பிடுகிற அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்லும்.