பட்சி திரும்பும் நேரம்

கடை டயப்பர் பாப்பாவுக்குத் தடிப்பு உண்டாக்கியதால் துணி டயப்பருக்கு மாறினோம். மதியம் மாடிக் கொடியில் ஒன்றைத் தொட்டு முகர்ந்தேன். வெயில் வாசனை. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது, நைனாவின் பழைய வேட்டியில் கிழித்த துணிகளும் இப்படித்தான் மணக்கும். பொழுது சாய்ந்தால் நைனா மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுப்பதை விட்டுவிட்டு, கொடித் துணிகளை எடுக்க ஓடிவருவார். மலைக்குத் திரும்பும் பட்சிகள் குழந்தைத் துணிக்கு மேலே பறந்தால் ஆகாதாம். அம்மா சிரிப்பாள்.

மாலை கடைவீதியிலிருந்து திரும்பத் தாமதமாகிவிட்டது. நம்பிக்கை இல்லாவிட்டாலும் மாடிக்கு ஓடினேன். கொடி காலியாக இருந்தது. மூட்டுவலியால் படியே ஏறாத நைனா, மேல்படியில் டயப்பர்களை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இதுல பட்டன்லாம் வச்சிருக்குது நைனா. இதுக்குமா பாக்கணும்?"

"பட்டன் இருக்குதா இல்லியான்னு பட்சிக்கு இன்னா தெரியும்?"