செவ்வரத்தையின் ஆறாவது இதழ்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியபின் எங்கள் கொட்டாஞ்சேனைப் பெண்கள் பாடசாலைக் கட்டடத்தை இராணுவம் எடுத்துக்கொண்டது. மேல் வகுப்புகளை வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக, ஒரு வாடகை வீட்டுக்கு மாற்றினார்கள். அந்த வீட்டின் சாப்பாட்டு அறைதான் என் தாவரவியல் ஆய்வுகூடம். கரையோர ரயில் போகும்போதெல்லாம் மேசை ஆடும். ஆடி முடியும்வரை பிள்ளைகள் பிளேடைப் பூவிலிருந்து எடுத்து மேலே பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதையும் நான்தான் பழக்கினேன்.

நான் பயிற்சிக் கலாசாலையிலிருந்து புதிதாக வந்தவள். தலை நிறையப் புது முறைகள். பிள்ளை தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டும் என்று அங்கே சொல்லித் தந்தார்கள், நானும் நம்பினேன். எனக்கு முன்னால் படிப்பித்த ஆசிரியை நோட்ஸ் சொல்லியே காலத்தை ஓட்டியவர். 'நாங்கள் பூவை வெட்டினோம், நாங்கள் அவதானித்தோம்' என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் கொப்பி கொப்பியாக எழுதி வைத்திருந்தார்கள். வெட்டவுமில்லை, அவதானிக்கவுமில்லை. பூதக்கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. எடுத்தால் உடைந்துவிடுமாம். நல்ல கதை!

முதல் நாள் வகுப்பில் வேண்டுமென்றே அடுக்குச் செவ்வரத்தை, அதாவது செம்பருத்திப் பூக்களைக் கொடுத்து, பார்த்துப் படம் கீறச் சொன்னேன். கையில் இருந்த பூவில் இதழ்கள் அடுக்கடுக்காய்ப் பிதுங்கிக்கொண்டு நின்றன. கொப்பிகளில் எல்லாம் ஐந்து இதழ், புத்தகத்தில் இருந்த அதே பூ, அதே சாய்வில். எனக்கு வந்த எரிச்சலில் புத்தகங்களை வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். ஐயோ, சரஸ்வதி கோபிப்பா என்று எல்லாரும் பதறினார்கள். சரி, ஜன்னல் விளிம்பில் வையுங்கள் என்றேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. புத்தகம் ஜன்னலில், பூ கையில்.

ஒருத்தி மட்டும் அன்றைக்கு ஒன்றும் கீறவில்லை. மணி அடித்த பிறகும் இதழ்களை எண்ணிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பாடமாக்க வராது. ஆங்கிலத்தில் நாலு வரி ஒப்பிப்பதற்குள் நாக்குக் குழறிவிடும். மண்டையில் ஒன்றும் ஏறாது என்று மற்ற ஆசிரியைகள் அவளைக் கைவிட்டிருந்தார்கள். ஆனால் ஊசியும் பிளேடும் கைக்கு வந்த பிறகு பார்க்க வேண்டும். அப்பாவின் பழைய சவர பிளேடைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவாள். சூலகத்தை அவள் குறுக்காக வெட்டினால் மற்றப் பிள்ளைகள் எழும்பி வந்து பார்ப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட நன்றாக வெட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். தாயில்லாத பிள்ளை. சீனியர் பரீட்சை பாஸ் பண்ணினால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் பேசி வைத்திருக்கிற இடத்தில் கல்யாணம் என்று அவர் சொல்லியிருந்தார். கொடுமைக்காரர் இல்லை. ஒரு தரம் பரீட்சைக் காசு கட்டலாம், இரண்டாம் தரம் முடியாது என்பதுதான் அவர் கணக்கு. தாவரவியலில் செய்முறையைத் தனியாகப் பாஸ் பண்ண வேண்டும். அதில் எனக்குக் கவலையே இருக்கவில்லை. அவளுக்கும் இருக்கவில்லை.

செய்முறைப் பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்தார். வேலியிலிருந்து பறித்து வைத்திருந்த ஒற்றைச் செவ்வரத்தைகளைத் தட்டில் எடுத்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஆசிரியைக்கு உள்ளே இடமில்லை. நான் குசினி வாசலில் நின்றேன். அவள் ஊசி முனையால் எண்ணுவது தெரிந்தது. எண்ணிவிட்டு நிறுத்தினாள். திரும்பவும் எண்ணினாள். பிறகு பூவைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினாள். பேசக்கூடாது, இருந்து எழுது என்று பரீட்சகர் கையைக் காட்டினார். இருந்தாள். கொஞ்ச நேரம் பூவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீறத் தொடங்கினாள்.

முடிந்து நான் உள்ளே போனபோது, பரீட்சகர் விடைத்தாள்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். ஆயா மேசைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளை இருந்த இடத்தில் மை ஒற்றும் தாளின்மேல் இதழ்கள் வரிசையாக இருந்தன. ஆறு. ஒற்றைச் செவ்வரத்தைக்கு ஐந்துதான், எப்போதாவது இப்படி ஆறாய்ப் பூக்கும். கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிட்டாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பரீட்சகரும் கண்டிருப்பார் என்றே நினைத்தேன். ஆயா எல்லாவற்றையும் வழித்துக் கூடையில் போட்டாள்.

முடிவு வந்தபோது வகுப்பில் மற்ற எல்லாரும் பாஸ். அவள் செய்முறையில் ஃபெயில். தலைமை ஆசிரியை பரீட்சகருக்கு டெலிபோன் பண்ணிக் கேட்டார். அவர் விடைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் திருத்தியிருக்கிறார். படத்திலும் ஆறு, பூச்சூத்திரத்திலும் ஆறு, விவரத்திலும் ஆறு, அந்தக் கேள்வி முழுவதும் போய்விட்டதாம். இந்தப் பிள்ளை கையில் கொடுத்த பூவைப் பார்க்கவே இல்லை, மனம்போனபடி கீறியிருக்கிறது என்றாராம். அந்தப் பூவில் உண்மையாகவே ஆறு இருந்தது, நான் கண்டேன் என்று சொன்னேன். தலைமை ஆசிரியை அதையும் டெலிபோனில் சொன்னார். பிறகு டெலிபோன் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, பூ எங்கே என்று கேட்கிறார் என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. அடுத்த பாடத்துக்கு மணி அடித்தது, போய்ப் படிப்பித்தேன். அந்தக் கிழமை முழுவதும் அப்படித்தான். சாப்பிட்டேன், கொப்பி திருத்தினேன், ரயில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

பாடசாலை விடுகைப் பத்திரம் எடுக்க அப்பாவும் மகளும் வந்தார்கள். அவரிடமும் சொன்னேன், பூவில் ஆறுதான் இருந்தது என்று. அவர் குடையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு மரியாதையாகவே பதில் சொன்னார்.

"ஆறோ ஐஞ்சோ டீச்சர், அவங்கள் கேட்டதையல்லோ குடுக்கவேணும்."

கையெழுத்து வாங்க அவர் அலுவலக அறைக்குள் போனார். அவள் வாசலில் என்னோடு நின்றாள். தாவணி முனையில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். அவிழ்த்து, நான் இரவல் கொடுத்திருந்த ஊசியை எடுத்து என் கையில் தந்தாள்.

"ஐஞ்சு எண்டு கீறினா மார்க்ஸ் வரும் எண்டு எனக்கு அப்பவே தெரியும், டீச்சர்."

"பிறகேன் அப்படிக் கீறேல்லை?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இதையெல்லாம் இவ கேட்கலாமோ என்பது மாதிரி.

"ஆறெல்லோ இருந்தது" என்றாள்.

அப்பா வந்துவிட்டார். இரண்டு பேரும் படலையைத் திறந்துகொண்டு ஸ்டேஷன் பக்கமாக நடந்தார்கள். நான் உள்ளே போனேன். புது வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பூவோடு மேசையைச் சுற்றி நின்றார்கள். மேல் வகுப்பு அக்காமார் சொல்லி அவர்களுக்கும் வழக்கம் தெரிந்திருந்தது.

"புத்தகத்தை ஜன்னலில வைக்கட்டோ டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

ரயில் வந்தது. மேசை ஆடி முடியும்வரை எல்லாரும் பிளேடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேண்டாம், பக்கத்திலேயே இருக்கட்டும் என்றேன்.