குக்கர் மணலில் ஒரு சொம்புத் தண்ணீர்

மகள் ஓவனிலிருந்து ஹேசல்நட் பிரவுனியை எடுத்ததும், சாக்லேட்டும் வறுத்த பருப்பும் கலந்த வாசனை வீடெங்கும் பரவியது. தொண்ணூற்று மூன்றில், திண்டிவனத்தில், அக்காவின் பிறந்தநாளன்று வந்ததும் இதே வாசனைதான்.

சாக்லேட் கேக் உண்டு என்று அக்கா தோழிகளிடம் சொல்லிவிட்டிருந்தாள். வீட்டில் ஓவன் கிடையாது. அம்மா குக்கரில் மணலைப் பரப்பி, கோகோவும், எங்கள் ஊரில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையும் கலந்த மாவைக் கிண்ணத்தோடு உள்ளே வைத்தார். அம்மா முகம் கழுவப் போன நேரத்தில் அப்பா மூடியைத் திறந்து, மணலில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார்.

ஆவி சொட்டி, கேக் உப்பாமல் பிசுபிசுவென்று தட்டையாக வந்தது. அம்மா ஈர மணலையும் அப்பாவையும் பார்த்தார்.

"தண்ணியில்லாம குக்கர் வெச்சா வெடிச்சிடாதா?" என்றார் அப்பா.

"எல்லாரும் வந்துக்கினு இருக்காங்கம்மா!" அக்கா அழுதாள்.

அம்மா கேக்கைச் சதுரம் சதுரமாக வெட்டித் தட்டில் அடுக்கினார்.

வந்த தோழிகள் விரலையும் சேர்த்துச் சப்பினார்கள். அக்காவுக்கே ஒரு துண்டுதான் கிடைத்தது. அதையும் சிரித்துக்கொண்டே பங்குபோட்டாள்.

"மல்லாட்டையெல்லாம் போட்டு, எப்படிக்கா செஞ்சீங்க?" பக்கத்து வீட்டுப் பெண் அம்மாவிடம் கேட்டார்.

அப்பா முந்திக்கொண்டார்: "தண்ணிய அளவா ஊத்தணும்மா. அதுலதான் இருக்குது எல்லாம்."