குருவின் சொல்லும் மாமாவின் இறுவட்டும்

'மன அமைதி' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே கோபம் வந்துவிடும். என் அலுவலகத்தில் அதற்கென்று ஓர் அறையே இருக்கிறது. சாம்பல் நிற மெத்தைகள், சுவரில் மூங்கில் படம், கைப்பேசியைப் போட்டுவிட்டுப் போக ஒரு கூடை. பத்து நிமிடம் கண்ணை மூடிவிட்டு வந்தால் முன்னிலும் வேகமாக வேலை செய்யலாம் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். உடன் வேலை செய்பவர்கள் என்னையும் கூப்பிடுவார்கள். தலைவலி என்று சொல்லித் தப்பிவிடுவேன். உண்மைக் காரணத்தைச் சொல்வதென்றால் எனக்குப் பத்து வயதாக இருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். அதில் என் மாமா செய்ததும் வரும், நான் செய்ததும் வரும்.

அப்போது நாங்கள் நோர்வேயில், ஒஸ்லோ நகரின் ஓரத்து வெஸ்ட்லியில், ரயில் பாதை முடிகிற இடத்தில், ஓர் உயரமான கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு ஓர் உணவகச் சமையலறையில் மாலை வேலை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் முறை மாறி மாறி வேலை. அம்மாவின் தம்பியான மாமா வடக்கே மீன் தொழிற்சாலையில் சில வருடங்கள் இருந்துவிட்டு, இனி மீன் மணம் வேண்டாம் என்று ஒஸ்லோவுக்கு வந்து எங்கள் வரவேற்பறையில் குடியேறியிருந்தார். வந்த மாதமே அந்த அறைக்குப் பொருந்தாத அளவில் ஒரு தொலைக்காட்சி வாங்கினார். அதை வைப்பதற்காக அம்மாவின் சாமிப்படங்கள் சமையலறைக்குப் போயின.

பக்கத்து வீட்டில் ஒரு சீக்கியக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் ஜஸ்லீன் என் வகுப்பில், என் மேசையில் இருந்தவள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பஞ்சாபி தெரியாது. எங்கள் சண்டையும் இரகசியமும் நோர்வேஜிய மொழியில்தான். அவளுடைய அப்பா பேருந்து ஓட்டினார். வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவி, சுவரோரம் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்து மாலைப் பிரார்த்தனை சொல்லுவார். அது முடிந்த பின் 'வாஹேகுரு, வாஹேகுரு' என்று கடவுளின் பெயரான ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நாங்கள் அதே அறையில் வீட்டுப்பாடம் செய்வோம். பேசாமல் இருக்கச் சொல்லி யாரும் எங்களை அதட்டியதில்லை. ஆனால் நாங்கள் பேசமாட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்களைத் தங்கள் குருத்வாராவுக்குக் கூட்டிப்போனார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். ரொட்டியும் பருப்பும் பாற்சோறுபோல் ஒன்றும் வந்தன. கோட்டுப் போட்ட பெரிய மனிதர் ஒருவரும், வெளியே குளிருக்கு ஒதுங்கி வந்த குடிகாரர் ஒருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். ஜஸ்லீனின் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு தட்டுக் கழுவினார். திரும்பி வரும்போது அம்மா, "எங்கட கோயிலிலை எண்டால் இந்தச் சாப்பாட்டுக்கு ஆர் உபயம் எண்டு மைக்கிலை மூண்டுதரம் சொல்லுவாங்கள். இஞ்சை ஒருத்தரும் பேரைக்கூடக் கேக்கேல்லை" என்றார். மாமா பார்த்தது வேறு. வாசலில் இரண்டு நோர்வேஜியப் பெண்கள் கண்ணை மூடி, உள்ளே பாடிய பிரார்த்தனைப் பாட்டைக் கேட்டபடி நின்றிருந்தார்கள். அவர்களின் விலையுயர்ந்த மேலங்கியைத்தான் மாமா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் எங்கள் வகுப்பில் பாதிப் பேரிடம் எம்பி3 பிளேயர் இருந்தது. என்னிடம் இல்லை. அது இல்லாதது எனக்கு ஒரு நோய்போல இருந்தது. இடைவேளையில் மற்றவர்களின் காதுகளிலிருந்து தொங்கும் வெள்ளை வயர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் மாமா ஒரு சின்னப் பெட்டியை என் முன்னால் வைத்தார். வெள்ளி நிறம், குரல் பதியும் வசதியும் உண்டு.

"பிள்ளை, இது உனக்குத்தான். ஆனா ஒரு வேலை செய்யோணும். பக்கத்து வீட்டு ஐயா பின்னேரத்திலை சொல்லுறாரெல்லே, அதை இதிலை எடுத்துக்கொண்டு வா. எனக்கு நித்திரை வருகுதில்லை. கேட்டால் மனசுக்கு நல்லாயிருக்கும்."

"கேட்டிட்டு எடுக்கவோ?"

"கேட்டால் அந்தாள் வெக்கப்பட்டு வடிவாச் சொல்லாது. கேக்காதை."

நான் கேட்கவில்லை. பென்சில் பையின் வாயைத் திறந்து, பிளேயரை உள்ளே வைத்து, பையை அந்த வெள்ளைத் துணியின் பக்கமாகத் தள்ளிவிட்டேன். என் நெஞ்சு அடித்த அடியும் பதிந்துவிடுமோ என்று பயந்தேன். அது பதியவில்லை. ஜஸ்லீனின் அம்மா அடுப்பில் வைத்திருந்த பிரஷர் குக்கர் இரண்டு தரம் கூவியது மட்டும் பதிந்தது.

பிறகு சில மாதங்கள் நான் மிக மகிழ்ச்சியாக இருந்தேன். என் காதிலும் வெள்ளை வயர் தொங்கியது. மாமா செவ்வாயும் வியாழனும் மாலையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு ஜிப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு நகரத்தின் மேற்குப் பக்கம் போய்வந்தார். என்ன வேலை என்று அம்மா கேட்டால் 'கூர்ஸ்', பயிற்சி வகுப்பு என்பார். நோர்வேயில் எல்லோரும் ஏதாவது ஒரு கூர்ஸுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள் என்பதால் அம்மா மேலே கேட்கவில்லை. அவர் போவது படிக்க அல்ல, படிப்பிக்க என்பது அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. புதிதாக ஒரு தோல் சோபா வந்தது. மாமாவின் தாடியும் வளர்ந்தது.

குளிர்கால விடுமுறை முடிந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் வகுப்பாசிரியை விளக்கை அணைத்தார். தலையை மேசையில் வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். தான் போகும் ஒரு தியான வகுப்பில் வாங்கிய இறுவட்டு என்றும், இமயமலையில் வாழும் ஒரு குருவின் குரல் என்றும், மூச்சை மெதுவாக விடுங்கள் என்றும் சொன்னார்.

'வாஹேகுரு, வாஹேகுரு' என்று குரல் தொடங்கியது.

கண்ணைத் திறந்தேன். ஜஸ்லீன் ஏற்கெனவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இது என்னுடைய அப்பா," என்றாள்.

வகுப்பு சிரித்தது. ஆசிரியை அன்பாகத்தான் பதில் சொன்னார். இது அப்பாவாக இருக்க முடியாது, இவர் மிகத் தூரத்தில் இருப்பவர், நடுவில் மலைப் பறவையின் குரல்கூடக் கேட்கும், பொறுத்துக் கேள் என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் பறவை கூவியது.

"அது பறவை இல்லை. அது எங்கள் குக்கர்!"

இப்போது வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. ஆசிரியை இறுவட்டின் உறையைக் கொண்டுவந்து காட்டினார். பனி மூடிய ஒரு மலை. அதைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, செம்மஞ்சள் தலைப்பாகையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த மலை எங்கள் சமையலறை நாட்காட்டியில் தொங்கிய நோர்வே நாட்டு மலை. அந்த முதுகு என் மாமாவின் முதுகு.

ஜஸ்லீன் உறையைப் பார்க்கவில்லை. என் பென்சில் பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குக்கர் கூவிய அந்த மாலையில் அந்த அறையில் இருந்தவர்கள் யார் என்று அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். எழுந்து தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் இருந்தாள். வருட முடிவு வரை அங்கேதான் இருந்தாள்.

பள்ளியிலிருந்து வீடுவரை ஓடினேன். மாமா தோல் சோபாவில் கால் நீட்டி உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்கள் கள்ளன்!"

அவருக்குச் சிரிப்பு வந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "காத்திலை போற சத்தத்தை எடுத்தா அது களவே?" என்றார். "உந்த வெள்ளையளிட்டை எல்லாம் இருக்கு பிள்ளை. வீடு இருக்கு, காரிருக்கு, கடற்கரையிலை இன்னொரு வீடிருக்கு. நிம்மதிதான் இல்லை. நான் அதைக் குடுக்கிறன். ஆருக்கு என்ன நட்டம்?"

"ஜஸ்லீன்ர அப்பான்ர குரலை ஏன் எடுத்தனீங்கள்?"

"நான் எங்கை எடுத்தனான்? நீயெல்லோ எடுத்துத் தந்தனீ."

அதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடி ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பினார். அவர் அப்படித் திரும்பியிராவிட்டால் ஒருவேளை நான் அழுதிருப்பேன். கழுத்தில் தொங்கிய வயரைப் பிடுங்கி, பிளேயரை என் முழுப் பலத்தோடும் எறிந்தேன். மாமாவைத்தான் குறிவைத்தேன். அது தொலைக்காட்சியின் நடுவில் பட்டது. பச்சை மைதானத்தில் கறுப்பாக ஒரு வெடிப்பு ஓடியது.

சத்தம் கேட்டு வந்த அம்மா முதலில் என்னைத்தான் அடித்தார். பிறகுதான் கதை கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் போன போக்கை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மாமாவின் பையைத் திறந்து அந்தத் தலைப்பாகைத் துணியை வெளியே இழுத்தார்.

"வெக்கமில்லையே உனக்கு? அந்த மனிசன்ர மனிசி எனக்குக் காய்ச்சல் எண்டு ரெண்டு கிழமை சமைச்சுத் தந்தவள். எழும்பு. வா, வந்து மன்னிப்புக் கேள்!"

"அக்கா, அவைக்குத் தெரியாமல் முடிச்சிடலாம்..."

"எழும்பெண்டு சொன்னனான்!"

பக்கத்து வீட்டுக் கதவை ஜஸ்லீனின் அப்பாவே திறந்தார். ஜஸ்லீன் முன்னமே சொல்லியிருக்க வேண்டும், எங்களை உள்ளே கூப்பிடவில்லை. அம்மா தன் உடைந்த நோர்வேஜியனில் மன்னிப்புக் கேட்டார். அம்மா சொன்னதை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. மாமாவிடம்தான் பேசினார். குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

"அதைக் கேட்டவர்கள் தலையை மூடியிருந்தார்களா?"

"இல்லை," என்றார் மாமா.

"உட்கார்ந்திருந்தார்களா?"

"படுத்திருந்தார்கள். நித்திரை வருவதற்காக..."

"குரல் வந்த பெட்டியை எங்கே வைத்திருந்தாய்?"

மாமா தரையைப் பார்த்தார். தரையில்தான் வைத்திருந்தார். சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் என்பதைப் பின்னாளில் அவரே எனக்குச் சொன்னார்.

"என் குரலை நீ எடுத்தாய் என்று என் மகள் அழுகிறாள். என் குரல் எனக்குப் பெரிதில்லை. பேருந்தில் நாள் முழுக்க நிறுத்தங்களின் பெயரைச் சொல்கிற குரல் அது. ஆனால் அந்தச் சொல் குருவுடையது. அதை விற்க உனக்கும் உரிமையில்லை, எனக்கும் உரிமையில்லை. யாருக்கு வேண்டுமென்றாலும் சும்மா கிடைக்கிறது. நீ அதற்குக் கதவு போட்டு, கதவில் நின்று காசு வாங்கியிருக்கிறாய்."

அவருடைய கை கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தது. அந்தக் கையிலிருந்த இரும்பு வளையம் மரத்தில் பட்டுப் பட்டுச் சத்தமிட்டது. இதோ அடிக்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அடியுங்கள், அடியுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் இன்னொரு கையைத் தன் நெஞ்சில் வைத்து, "க்ரோத்" என்றார். "க்ரோத், கோபம் வந்துவிட்டது. போய்விடுங்கள்." கதவு மெதுவாக, சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

"குரோதம் எண்டு சொல்லுறார்," என்றார் அம்மா, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு பெரிய உடம்பும் அவ்வளவு நியாயமும் இருந்தும் ஓர் அறைகூட விடாமல் போன மனிதர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் வழக்கம்போலப் பிரார்த்தனை தொடங்கியபோது, இவருக்கு ரோசமே இல்லையா என்று தலையணையால் காதைப் பொத்திக்கொண்டேன். மாமா வகுப்பை நிறுத்தினார், ஒரு வாரத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் போன பின்னும் அவர்மேல் கோபப்படுவது, ஜஸ்லீனின் அப்பாவுக்குப் பதிலாகவும் நானே கோபப்படுவது என்று தீர்மானித்துக்கொண்டேன். அது எளிதாக இருந்தது. கோபமாக இருக்கும்வரை, பென்சில் பையின் வாயைத் திறந்து வைத்தவள் யார் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

பனி உருகிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் எங்கள் வீட்டு மணி அடித்தது. நான் தனியாக இருந்தேன். வெளியே ஒரு நோர்வேஜியப் பெண், அம்மாவைவிட மூத்தவர். நல்ல மேலங்கி, ஆனால் பொத்தானை மாற்றிப் பூட்டியிருந்தார். தியான வகுப்பு நடத்தியவரைத் தேடி வந்ததாகவும், வகுப்பு நடந்த கட்டடத்தில் இந்த முகவரியைக் கொடுத்தார்கள் என்றும் சொன்னார்.

"அவர் இல்லை. அவர் ஏமாற்றுக்காரர்," என்றேன். "அந்தக் குருவும் பொய், இமயமலையும் பொய், பறவையும் பொய்."

அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். தன் மகன் போன வருடம் இறந்துவிட்டான் என்றார். ஒரு குழந்தையிடம் சொல்கிறோம் என்ற நினைவே இல்லாமல் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டபோதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழ முடிந்தது என்றார். பிறகு கேட்டார், "அது யாருடைய குரல் என்றாவது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

பக்கத்துக் கதவுக்குப் பின்னால் ஜஸ்லீனின் அப்பா அன்று வீட்டில்தான் இருந்தார். வாசலில் அவருடைய சப்பாத்துகள் கிடந்தன. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, மின்தூக்கியை மறந்து, ஏழு மாடிப் படிகளிலும் இறங்கிப் போனார். அவருடைய காலடி கீழே கீழே போய் ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தச் சொல்லை இனி ஒருவரும் திருடிப்போக முடியாதபடி காப்பாற்றிவிட்டேன் என்று அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.