மழை நாளில் தூசி

ஊரெங்கும் காய்ச்சல் பரவிய மாதம் அது. இருமுகிறவர்களைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். லீவு போடாதவர்களுக்குத் தரும் போனஸும் போய்விடும். அதனால் வாலாஜாபாத்தில் கம்பெனி பஸ் ஏறும் நாங்கள் இருமலை அடக்கிக்கொண்டே வருவோம். வழியில் ஜல்லி லாரிகள் புழுதி கிளப்பும் ஓர் இடம் உண்டு. அங்கே மொத்த பஸ்ஸும் ஆசை தீர இருமும். கேட்டால், தூசி.

அன்று விடாத மழை. என் தொண்டைக்கு அது தெரியவில்லை. வழக்கமான இடம் வந்ததும் வெடித்துவிட்டது. இருமுகிறவர்களைப் பிடித்துக்கொடுக்கும் சூப்பர்வைசர் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"தூசி சார்" என்றேன்.

"மழைல இன்னா தூசிண்ணே?" என்றவருக்கே இருமல் வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், விழி பிதுங்கியது. பிறகு மொத்த பஸ்ஸும் அவருக்குத் துணையாக இருமியது.

"ஆமாண்ணே, செம தூசி" என்றார் கண்ணைத் துடைத்தபடி.

டிரைவர் மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றினார். "நான் வூட்ல கைக்கொழந்த வெச்சிகினு கீறேன்பா" என்றவர், கம்பெனி கேட்டைத் தாண்டிப்போய் அரசு ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார்.

போனஸ் ஒருவருக்கும் இல்லை. சூப்பர்வைசருக்கும் இல்லை என்றதும் எனக்குப் பாதிக் காய்ச்சல் இறங்கிவிட்டது.