ஐஸில் வைத்த மருந்து

"மல்லிகைப் பூ கருகுது" என்றாள் மரகதம். அப்போது வீட்டில் ஒரு முழம் பூகூட இல்லை. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். நாளெல்லாம் பூவோடு கிடந்துவிட்டு, பெண்டாட்டிக்கு ஒரு முழம் எடுத்துவர மறந்துபோகிற ஆள். "அடுப்புல ஏதும் வச்சியா?" என்று கேட்டேன். "பூதாங்க கருகுது, உங்களுக்கென்ன மூக்கு அடைச்சிருச்சா?" என்று சண்டைக்கு வந்தாள். நானும் பதிலுக்குக் கத்தினேன். இல்லாத வாசனை வருவதும் ஒரு நோயின் அறிகுறி என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காய்ச்சல். அதற்கும் மறுநாள் என் முகத்தைப் பார்த்து, "கண்டக்டர், வத்தலக்குண்டுல இறக்கி விடுங்க" என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அரைமணி நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் அவள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். பக்கத்து வீட்டு அக்கா வேப்பிலையோடு ஓடிவந்தார். நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அது காலில்தான் இருந்தது. பூ ஏற்றுகிற வேனில் அவளைப் படுக்கவைத்துத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, மூளை அழற்சி (கிருமி ஏறி மூளை வீங்குவது) என்றார்.

"உதட்டுல காய்ச்சல் கொப்புளம் போடும்ல, அநேகமா அந்தக் கிருமிதான். எப்பவோ ஒருத்தருக்கு மூளைக்குப் போயிரும்."

"அநேகமாவா? நிச்சயமாத் தெரியாதாம்மா?"

"தெரியாது. தெரியிற வரைக்கும் காத்திருக்கவும் முடியாது. மருந்து ஏத்தலேன்னா ஞாபகம் போயிரும், உயிருக்கும் ஆபத்து."

நிச்சயம் இல்லாத நோய்க்கு நிச்சயமாக ஒரு மருந்து. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். கிருமி பெருகாமல் தடுக்கிற அந்த மருந்து அப்போது புதிது, நம் பக்கத்துக் கடைகளில் கிடையாது. மெட்ராஸில் வேலை பார்த்த மரகதத்தின் தம்பி துரை அலைந்து திரிந்து இரண்டு நாளைக்கான குப்பிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மீதியைத் தேடி அன்றைக்கே திரும்பிப் போனான்.

இந்த மருந்து ஏறுகிற கட்டிலின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், எனக்குச் சொல்லித் தந்ததை அப்படியே சொல்கிறேன். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பத்து நாள். பொடியைக் கரைத்து, சலைன் பாட்டிலில் கலந்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று நீங்களாகக் குழாயின் திருகைத் தளர்த்திவிடாதீர்கள். வேகமாக ஏறினால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகத் தங்கிவிடுமாம். உடம்பில் நீர் குறையக்கூடாது. சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளந்து சொல்ல வேண்டும். ஊசி குத்திய இடம் சிவந்தாலோ எரிந்தாலோ உடனே கூப்பிட வேண்டும். சிறுநீரகம் தடுமாறினால் மருந்தே புத்தியைக் குழப்புமாம். இதைக் கேட்டதிலிருந்து அவள் உளறும்போதெல்லாம், இது நோயா மருந்தா என்று நர்ஸ் சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் கன்னியாஸ்திரி. பொறுமைசாலி. "ரத்தம் பார்த்தாச்சு, கிட்னி நல்லா இருக்கு. நோய்தாங்க" என்பார். அதில் சந்தோஷப்படுவதா அழுவதா?

நான் செய்த காரியம் இரண்டாம் நாள் மத்தியானம் நடந்தது. சித்திரை வெயில், கரண்டும் இல்லை. துரை கொடுத்ததில் கடைசி ஒரு வேளைக்கான இரண்டு குப்பிதான் மிச்சம். சிஸ்டர் அவற்றைக் கரைத்து எடுத்துவந்த நேரம், மரகதம் கையை உதறி ஊசியைப் பிடுங்கிவிட்டாள். ரத்தம் படுக்கையெல்லாம். வேறு நரம்பு பார்க்க (ரத்தக்குழாயைத்தான் அப்படிச் சொல்கிறோம்) டாக்டரம்மாவைக் கூப்பிட சிஸ்டர் ஓடினார். கரைத்த குப்பிகள் தட்டில், என் முன்னால்.

எங்கள் தொழிலில் வெயில் ஏறினால் மொட்டு வாய் திறந்துவிடும். திறந்த பூவை ஒருத்தனும் சீண்ட மாட்டான். வெளியூர்க் கூடை என்றால் ஐஸ் வைத்துத்தான் கட்டுவோம். எது கெட்டுவிடும் என்று பயந்தாலும் என் கை ஐஸுக்குத்தான் போகும். அவள் நெற்றியில் ஒற்றி எடுக்கத் தூக்குச்சட்டியில் ஐஸ் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு குப்பியையும் எடுத்து அதற்குள் புதைத்தேன். பெரிய புத்திசாலி மாதிரி மூடியையும் இறுக்கினேன்.

அவர்கள் வந்து நரம்பு தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சிஸ்டர் தட்டைப் பார்த்துத் திகைத்தார். நான் குப்பிகளை எடுத்து நீட்டினேன். கண்ணாடி போல இருந்த தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாகத் துகள் மிதந்தது.

"யாருங்க இத ஐஸ்ல வச்சது?"

"நாந்தான் சிஸ்டர். வெக்கையில கெட்டுப் போயிருமேன்னு…"

டாக்டரம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குளிர் பட்டா இந்த மருந்து பிரிஞ்சிரும். இத ஏத்த முடியாது."

"செத்த நேரம் வெளிய வச்சா கரைஞ்சிராதாம்மா?"

"கரையலாம். அத நம்பி நரம்புல ஏத்த நான் தயாரா இல்ல."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மீதி மருந்தோடு துரை வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. ரெண்டு மணிக்கு ஏற வேண்டிய மருந்து ஆறரைக்கு ஏறியது. அதற்குள் அவளுக்கு இன்னொரு வலிப்பு வந்துபோனது. நான் சுவரைப் பார்த்து நின்றேன். அவள் பிழைக்கவில்லையென்றால் கொன்றது நான்தான் என்று எனக்குப் பட்டது. துரையிடம் சொன்னேன். "இப்ப அதப் பேசாதீங்க மச்சான்" என்றான்.

ஏழாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து, "ஏங்க, தாடி ஏன் இம்புட்டு வளந்து கெடக்கு?" என்று கேட்டாள். என்னைத் தெரிந்துவிட்டது! வார்டு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். பத்து நாளும் மருந்து ஏறி முடிந்து, வீட்டுக்கு வந்தோம்.

பழையதெல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. கல்யாணத்துக்கு யார் யார் வரவில்லை என்பதுவரை சொல்வாள். புதியதுதான் நிற்பதில்லை. காலையில் வந்துபோன ஆளை மாலையில் கேட்டால் விழிப்பாள். முழங்கையில் ஊசித் தழும்புகளைத் தடவிப் பார்த்து, "இது எப்பங்க?" என்பாள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வேன். நேற்று, போன வாரம் என்ற வார்த்தைகளையே இப்போது நான் பார்த்துப் பேசுகிறேன்.

அந்த நாலரை மணி நேரத் தாமதத்தால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க. நோயே இதச் செய்யும்" என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

ஐஸில் வைத்ததை மரகதத்திடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். "நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சீங்க, விடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் அவளுக்கு அந்தப் பேச்சே நினைவில்லை.

இதுவரை நாலு தடவை சொல்லிவிட்டேன். மூன்று தடவை "விடுங்க" என்றாள். ஒரு தடவை மட்டும் என்னையே பார்த்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே நான் வெகுநேரம் நின்றேன். உள்ளே அவள் அழுவது கேட்டது. திறந்து வெளியே வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்து, "ஏன் இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.