மாமாவின் ஜீப்பில் நான்கு எழுத்து

மாமாவின் ஜீப் நெற்றியில் முதலில் "இயேசுவே தேவன்" என்றுதான் இருந்தது. மஞ்சள் ரேடியம் ஸ்டிக்கர், ஒவ்வோர் எழுத்தும் உள்ளங்கை அகலம். ஜீப் வாங்கிய அன்று, கூடவே போய் நின்று அதை ஒட்ட வைத்தவர் அப்பா. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், முழுப்பரீட்சை நெருங்கிய ஒரு காலையில், அது "இயேசு தேவகுமாரன்" என்று மாறியிருந்தது.

அம்மாவின் தம்பியான மாமா, சித்திரபுரத்தில் மின்வாரியக் குவார்ட்டர்ஸில் எங்களோடுதான் இருந்தார். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலை சுற்றிக் காட்டுவது அவர் தொழில். போடிமெட்டு வரை போகும் நாட்களில், வந்தவர்கள் சாப்பிட்டுப் படம் எடுத்து முடிக்கிற வரை காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் பழக்கமானவர்கள்தான் ஒரு டயர் கடை மாடியில் உட்கார்ந்து வேதம் வாசிக்கும் ஏழெட்டுப் பேர். இயேசு தேவனுடைய குமாரன்; ஆனால் அவரே தேவன் அல்ல, பிதாவுக்குக் கீழ்ப்பட்டவர் என்பது அவர்கள் கொள்கை. அவர்களைத் திருத்துவதற்காக ஆறு மாதம் வாதாடப் போன மாமா, ஏழாவது மாதம் அவர்கள் பக்கமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்பா எங்கள் சபையின் கமிட்டியில் இருந்தவர். டீ கிளாஸோடு வாசலில் நின்று, புது ஸ்டிக்கரை எழுத்து எழுத்தாக வாசித்தார்.

"எழுத்து கூடிருக்கு, ஆளு கொறஞ்சிட்டாரே மாப்ள."

"நான் கொறைக்கல அத்தான். அவரு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுனாரே, யாருகிட்ட பண்ணுனாரு? தனக்குத்தானேயா?"

"சீஷன் தோமா அவரு முன்னால நின்னு, என் தேவனேன்னு கூப்பிட்டானே. அப்படிச் சொல்லாதடேன்னு தடுத்தாரா? ஏத்துக்கிட்டாருல்ல?"

டீ ஆறிப்போனது. பயணிகள் போன் செய்து கத்தினார்கள். இருவரும் நகரவில்லை. அம்மா வந்து அப்பாவின் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டு போனபோதுதான் அன்றைய வாதம் முடிந்தது. மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

இதில் மாட்டிக்கொண்டது மாமாவின் கல்யாணம். பெண் எங்கள் சபைதான். ஞாயிறு பள்ளியில் எனக்கு டீச்சர். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். போதகர் அப்பாவைக் கூப்பிட்டு, மாமா வரும் ஞாயிறு எல்லோரோடும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தை முழுதாகச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் கல்யாண அறிவிப்பை வாசிக்க முடியும் என்றார். கிறிஸ்து மெய்யான தேவன் என்று அறிக்கை செய்கிற வரி அதில் இருக்கிறது. மொத்தச் சிக்கலும் அந்த ஒரு வரிதான்.

டீச்சர் எனக்கு அத்தையாகப் போகிறார் என்பதை நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பட்டுப்பாவாடை தைத்தும் ஆகிவிட்டது. பெரியவர்களால் முடியாததை நானே முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

பாதை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "தேவகுமாரன்" என்பதில் கு, மா, ர ஆகிய மூன்றையும் உரித்துவிட்டு, மிச்சமிருக்கும் ன்-ஐ நகர்த்தி ஒட்டினால் "தேவன்" ஆகிவிடும். எழுத்து மாறினால் மாமாவும் மாறிவிடுவார். சனிக்கிழமை காலை, காய் நறுக்கும் கத்தியோடு பம்பரில் ஏறினேன். கு வந்தது. மா வந்தது. ர பாதி கிழிந்து வந்தது. நகத்தால் சுரண்டி முடித்தேன். ன்-ஐ உரித்துக் கையில் எடுத்த நேரம், மாமா சாவியைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தார். குதித்து இறங்கி வீட்டின் பக்கவாட்டில் ஒளிந்துகொண்டேன். முன்பக்கத்தைப் பார்க்காமலே அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுவதும் அந்த மலைப்பாதையில் "இயேசு தேவ" என்று ஒரு ஜீப் ஓடியது.

சாயங்காலம் மாமா வந்து நின்ற விதத்திலேயே அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள்.

"செக்போஸ்ட்ல சிரிக்கான், டீக்கடையில சிரிக்கான். மிச்ச எழுத்துக்கு ஸ்டிக்கர் தீந்துருச்சான்னு கேக்கான். அத்தான், வாதத்துல ஜெயிக்க முடியலன்னா இப்படியா பண்ணுவீங்க?"

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "என்னையா சொல்லுத? களவாண்டு சுரண்டுற ஆளா நான்?"

"வேற யாரு இருக்கா இங்க?"

மாமா உள்ளே போய்த் தன் பையில் சட்டைகளைத் திணிக்கத் தொடங்கினார். அம்மா தடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவர் முன்னால் போய்க் கையை நீட்டினேன். சுருண்டு போன ன் உள்ளங்கையில் ஒட்டிக்கிடந்தது.

மாமா அதையே பார்த்தார். "ஏட்டி, நீயா?"

"நாளைக்கு அந்த ஒரு வரிய மட்டும் சொல்லிருங்க மாமா. நம்ப வேண்டாம். சும்மா சொன்னா போதும்."

மாமா பதில் சொல்வதற்குள் அப்பாவின் குரல் வந்தது. "சும்மா சொல்லச் சொல்லாத. அதுக்கு அவன் வராமலே இருக்கலாம்."

"அதத்தான் நானும் சொல்லுதேன் அத்தான்" என்றார் மாமா.

அத்தனை நாள் சண்டையில் இருவரும் ஒரே பக்கம் நின்றது அன்றுதான். அதுவும் எனக்கு எதிராக. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா பையிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மடித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார். பிரமாணம் தொடங்கியதும் எழுந்து நின்றார், தொடக்க வரிகளைச் சத்தமாகவே சொன்னார். அந்த வரி வந்தது. நான் அவர் விரலைப் பிடித்து என் பலம் முழுவதையும் சேர்த்துத் திருகினேன். அவர் வாய் திறக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் டீச்சர் திரும்பிப் பார்த்ததைக் கண்டேன். அன்று கல்யாண அறிவிப்பு வாசிக்கப்படவில்லை.

வெளியே, சைப்ரஸ் மரத்தடியில் டீச்சர் அவரிடம் நேராக வந்தார். நான் மாமாவின் கையை விடாமல் நின்றேன்.

"சொல்லிருக்கலாம்ல?"

"உங்கிட்ட பொய்யோட ஆரம்பிக்கச் சொல்லுதியா?"

டீச்சர் வேதப்புத்தகத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "சரி. அப்ப என்னையும் மாத்தப் பாக்கக்கூடாது. நான் அவரத் தேவன்னுதான் கும்பிடுவேன். சாகுற வரைக்கும்."

"கும்பிடு" என்றார் மாமா.

ரிஜிஸ்டர் ஆபீஸில் நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து, நல்ல மழை நாளில் கல்யாணம் நடந்தது. அதற்குள் அப்பா கமிட்டியிலிருந்து விலகியிருந்தார். யாரும் விலகச் சொல்லவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர், தாள் கிழிந்துவிடும் போல அழுத்திப் போட்டார். டீச்சர் வீட்டிலிருந்து அவருடைய அம்மா மட்டும் வந்திருந்தார். என் பட்டுப்பாவாடை முழங்கால் வரை நனைந்துவிட்டது.

பிறகு பக்கத்து ஓட்டலில் பிரியாணி. தட்டு வந்ததும் அப்பா எழுந்து நின்று கண்ணை மூடினார். எங்கள் வீட்டில் அப்பாவின் ஜெபம் எப்போதும் "இயேசுவே, எங்கள் தேவனே" என்றுதான் தொடங்கும். தூக்கத்தில் எழுப்பினாலும் அப்படித்தான் சொல்வார். அன்று அவர், "பிதாவே, உம்முடைய குமாரன் மூலமாக இந்தப் பிள்ளைகளை ஆசீர்வதியும்" என்று மட்டும் சொன்னார். மாமா ஓட்டலே திரும்பிப் பார்க்கும்படி "ஆமென்" என்றார்.

அப்பாவுக்குப் பசியில் மறந்துவிட்டது என்று நினைத்தேன். "அப்பா, மாத்திச் சொல்லிட்டீங்க" என்று திருத்தப் போனேன். அம்மா மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். ஏன் கிள்ளுகிறாள் என்று புரியாமல், நான் பிரியாணியில் முட்டையைத் தேடத் தொடங்கினேன்.